நடுவில் நிறுத்த வேண்டாம்

"இங்கே நிக்குது பாருங்க தம்பி! இங்கே நிக்கவே கூடாது!"

அந்த அம்மாள் பதறிப்போய் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றினாள்.

தாளக்காரனுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டிலேயே போனில் பாடிப் பதிவு செய்துகொண்டு வருகிறவர்களின் பாட்டுக்கு ட்ரம்ஸ், தபேலா எல்லாம் சேர்த்துக் கொடுப்பது அவன் தொழில். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒரே பாட்டுக்காக நான்காவது தடவை படியேறி வந்தது இந்த அம்மாள் மட்டும்தான்.

"அது நிக்கலம்மா. பல்லவி திரும்ப வர்றதுக்கு முன்னால ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கேன். அந்த அமைதிதான் பாட்டுக்கே அழகு."

"அழகு வேண்டாம் தம்பி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் டம்... டம்...னு ஒரே சீராப் போகட்டும். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அப்படிப் போட்டா உங்க குரல் அமுங்கிப் போயிடும்மா. நல்லா வேற பாடியிருக்கீங்க."

"என் குரல் கேக்காட்டிப் பரவாயில்லை. அடி கேக்கணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் குரலை ஏற்றச் சொல்லித்தான் உயிரை வாங்குவார்கள்.

"யாருக்கும்மா இந்தப் பாட்டு?"

"என் வீட்டுக்காரருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு தபால் ஆபீஸ்ல அவருக்கு வழியனுப்பு விழா. அவர் வேலையிலேர்ந்து ஓய்வு பெறுறார்."

"அவர்தான் இப்படி வேணும்னு கேட்டாரா?"

அந்த அம்மாள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். "நேத்து நீங்க கொடுத்ததை வீட்ல போட்டேன். அந்த இடைவெளி வந்ததும்..."

"வந்ததும்?"

"வேண்டாம் தம்பி. வெளியில சொன்னா அவருக்குப் பிடிக்காது."

கைப்பையை எடுக்க அவள் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, மஞ்சளாகிப்போன பழைய காயம் ஒன்று.

"என்னம்மா இது?"

"கீழே விழுந்துட்டேன்." சட்டென்று இழுத்து மூடிக்கொண்டாள்.

அவன் அக்காவும் நான்கு வருடம் இதையேதான் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவனும்தான்.

அதற்குமேல் அவன் எதிர்த்துப் பேசவில்லை. இடைவெளியை எடுத்தான். ஆசை ஆசையாகச் சேர்த்திருந்த தபேலா உருட்டல்களை எல்லாம் அழித்தான். மொட்டையான, கனமான ஓர் அடியை மட்டும் பாட்டு முழுக்க நிரப்பினான். அந்த அம்மாள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"இது போதும் தம்பி. இதுல ஒண்ணும் ஆகாது."

அவள் படியிறங்கிப் போன பிறகும் அந்த 'ஒண்ணும் ஆகாது' அவன் காதிலேயே நின்றது. வேறு வேலை ஓடவில்லை. எங்காவது ஓர் அடி தவறியிருந்தால்? சத்தம் குறைந்திருந்தால்? அவனுக்குப் போவது ஒன்றுமில்லை, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது அந்த அம்மாள். அதே பாட்டை ஏழு முறை போட்டுக் கேட்டான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினான். அந்த ஆளின் முகத்துக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனி கை வைத்தால் போலீசுக்குப் போவேன் என்று சொல்ல வேண்டும்.

கூடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. பத்து மணிக்கு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் உயரமான ஓர் ஆள் நின்றிருந்தார். இறுகிய தாடை. பக்கத்தில், அரை அடி தள்ளி, அந்த அம்மாள்.

அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டே போய் அவர் தோளில் கை போட்டார்.

"விடுங்க சார்!" என்று வெடுக்கென்று உதறினார் அந்த ஆள். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

ஊர் முன்னாலேயே இப்படி என்றால், கதவைச் சாத்திய வீட்டில் எப்படி? தாளக்காரன் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

பக்கத்தில் இருந்த ஊழியர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருப்பா. இப்போ யாரும் கிட்டே போகக்கூடாது. மேடைக்குத் தானா நடந்து வரணும்னு பிடிவாதமா இருக்கார்."

"நடக்கறதுல என்ன பெரிசு?"

"உனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா நரம்பு வியாதி. போயிட்டே இருப்பார், திடீர்னு கால் தரையோட ஒட்டிக்கும், அப்படியே முன்னால சாய்வார். ஒவ்வொரு தடவையும் அந்தம்மாதான் குறுக்கே பாய்ஞ்சு கீழே விழுந்து தாங்கறாங்க."

வாசலில் அந்த அம்மாள் கணவரின் காதில் ஹெட்போனை மாட்டி, போனைத் தட்டினாள். தரையோடு ஒட்டியிருந்த வலது கால் தாளத்தின் முதல் அடிக்கு மெல்ல எழுந்தது, அடுத்த அடிக்கு இடது கால்.