கை விரித்தால் கண்ணாடி

ஜெயஷீலா கண்ணாடிக் குழாயை அண்ணாந்து பார்த்தாள். அதன் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்து அகலத்தை அளந்தாள்.

“சின்னதுதான்,” என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி.

விஷ்ணுப்ரியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் கீழிருந்து வீசும் காற்றில் ஆள் மிதக்கிற இந்தக் குழாய் திறந்த நாளிலிருந்து அவள்தான் இங்கே பறக்கக் கற்றுக்கொடுக்கிறாள். வெளிநாட்டில் பெரிய குழாய்களில் பறந்துவிட்டு வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார்கள். காற்று இங்கேயும் ஆளைத் தூக்கத்தான் செய்யும். ஆனால் கையை நன்றாக விரித்தால் விரல் நுனி கண்ணாடியில் இடிக்கும்.

ஜெயஷீலாவும் அவள் கணவர் யோசுவாவும் பாறசாலையிலிருந்து வந்திருந்தார்கள். ஐம்பது தாண்டியவர்கள் கொண்டுவர வேண்டிய டாக்டர் சான்றிதழை மேனேஜர் பார்த்துவிட்டு, “இவர் பழைய பயிற்சியாளர், உள்ள விடலாம்” என்று அனுப்பியிருந்தார்.

பேசியதெல்லாம் ஜெயஷீலாதான். யோசுவா பறக்கும் உடுப்பில் ஓரமாக உட்கார்ந்து, தன்னைப் பார்க்கிறவர்களை எல்லாம் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஹெல்மெட் பட்டையை அவளே மாட்டிவிட்டாள்.

அவர் வேலை பார்த்த வளைகுடாக் குழாயில் ஐந்து பேர் ஒரே சமயத்தில் பறக்கலாமாம். ஜெயஷீலா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனாள்.

உள்ளே காற்றின் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. எல்லாம் சைகைதான். முகவாயைத் தொட்டால் தலையைத் தூக்க வேண்டும். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்ட வேண்டும்.

ஒரு நாள் யோசுவா தூரத்திலிருந்து மிதந்து வந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் மோதிர விரலைக் காட்டினார். ஏதோ புதுச் சைகை என்று நினைத்து அவள் காலை நீட்டினாள். நேரே போய் எதிர்ச் சுவரில் மோதினாள். வெளியே வந்தபிறகுதான் அவர் கேட்டது கல்யாணத்துக்குச் சம்மதமா என்று தெரிந்தது.

விஷ்ணுப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல கதை கேட்டவரைப் போல யோசுவாவும் சிரித்தார்.

“அவ்வளவு பெரிசுல பறந்துட்டு இங்க எதுக்கு வந்தீங்க சேச்சி?”

“அதுல இவரு பாட்டுக்கு அங்க போவாரு, இங்க போவாரு. நான் பின்னால திரியணும்,” என்றாள் ஜெயஷீலா. “இதுல எங்க போவாரு?”

முதலில் யோசுவா. வாசல் விளிம்பில் நின்று கைகளைத் தூக்கி, காற்றின் மேல் சாய்ந்தார்.

பழைய பழக்கத்தில் கையையும் காலையும் தாராளமாக விரித்தார். மறுநொடி தோள் கண்ணாடியில் இடித்தது. பெரிய குழாயில் பழகியவர்களுக்கு இது நடப்பதுதான். அங்கே கொஞ்சம் நகர்த்துகிற ஓர் அசைவு, இங்கே சுவருக்கே கொண்டுபோய்விடும்.

வாசலில் நின்ற விஷ்ணுப்ரியா பிடிப்பதற்குக் கையை நீட்டினாள். தேவைப்படவில்லை.

அவர் முழங்கைகளை உள்ளே இழுத்தார். கால்களை மடக்கினார். எல்லா அசைவையும் பாதியாக்கி, பிறகு அதையும் பாதியாக்கினார். குழாயின் நடுவில் அப்படியே நின்றார். மெல்லச் சுற்றினார். ஏறினார். இறங்கினார். சற்று முன் ஓரமாக உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று இருந்தது.

அவர் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். ஜெயஷீலா உள்ளே சாய்ந்தாள்.

இரண்டு பேரோடு குழாய் நிறைந்துவிட்டது. அவள் உடம்பு தடுமாறியது. முழங்கால் கண்ணாடியில் இடித்தது. யோசுவா அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து நிலைப்படுத்தினார். ஒரு கையை விட்டுத் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார்.

அவள் தலையைத் தூக்கினாள்.

ஒரு சாண் தூரத்தில் இரண்டு முகங்கள். விலகிப் போக இடமே இல்லாத அந்தக் காற்றில் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய தோளையும் முழங்காலையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்து விளக்கு எரிந்தது.

இருவரும் வெளியே வந்ததும் இரைச்சல் அடங்கியது. யோசுவா தானே ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். ஜெயஷீலாவிடம் திரும்பினார்.

“நல்லாப் பறந்தீங்க மேடம்,” என்றார். “மொத தடவையா?”

விளையாட்டாகக் கேட்கிறார் என்று விஷ்ணுப்ரியா சிரிக்கப் போனாள். ஜெயஷீலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“ஆமா சார். கொஞ்சம் பயம் உண்டாயிருந்தது.”

“அது எல்லாருக்கும் உள்ளதுதான். உங்க பேரு?”

சொன்னாள்.

“நான் யோசுவா,” என்று அவர் கையை நீட்டினார்.

ஜெயஷீலா அதைப் பிடித்துக் குலுக்கினாள்.