எனக்குப் பிடிக்காதவர்

"உனக்கு நம்ம கட்டிங் மாஸ்டரைப் பிடிக்குமாடி?"

பொத்தான் தைத்தபடி தோழி கேட்டாள். என் விரலில் ஊசி ஏறியது.

பிடிக்கும். ஆனால் அவர் வந்தாலே அவள் முகம் சிவப்பதைத் தினமும் பார்க்கிறேனே! படிப்பை விட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த என்னை இந்தத் தையல் கடையில் சேர்த்துவிட்டவள் அவள்.

"அந்த ஒட்டடைக்குச்சியையா? ஆளை விடு தாயே! நீயே கட்டிக்கோ" என்று உரக்கச் சிரித்தேன்.

அவள் கண் கலங்கியது.

"பாவி, இப்படியா சொல்லுவே?" என்று கிசுகிசுத்தாள். "அவருக்கு உன்னைத்தான்டி பிடிச்சிருக்கு. நான் மனசைத் தேத்திக்கிட்டேன். உன் பதிலை அவரே கேக்கட்டும்னு உள்ள நிக்க வச்சிருக்கேன்."

அளவு பார்க்கும் அறையின் திரை விலகியது.

அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.