கைப்பிடிக்கு மட்டும்

என் கணவரின் அக்கா அரசி அண்ணி சாயங்காலம் வருவதாகப் போன் செய்தார். முட்டிவலி, தரையில் உட்கார மாட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தரைதான். சரி, ஒரு நாற்காலி அடித்துவிடலாம் என்று, பழைய பிளாஸ்டிக்கை அரைத்துப் புதுச் சாமான் அடித்துத் தரும் எங்கள் 3டி பிரிண்டரைப் போட்டேன்.

பழைய டப்பா, அறுந்த செருப்பு, உடைந்த வாளி எல்லாவற்றையும் அதன் அரவைத் தொட்டியில் கொட்டியும் நாற்காலியின் ஒரு கைப்பிடிக்கு மட்டும் தூள் போதவில்லை. அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் மயில் பொம்மை இருந்தது. நாங்கள் குடிவந்தபோது அண்ணி தன் வீட்டில் தானே வரைந்து, அடித்துக் கொடுத்தது. அதையும் போட்டேன். பிறகு ஏதாவது ஒரு மயிலை அடித்து வைத்தால் போயிற்று.

உட்காரப் போன அண்ணி அப்படியே நின்றார். சாம்பல் நிற நாற்காலியில் அந்தக் கைப்பிடி மட்டும் நீலமும் பச்சையுமாக இருந்தது. அவர் அலமாரியைப் பார்த்தார்.

"கழுத்து வளைவு சரியா வரலன்னு நாலு தடவ அடிச்சேன், சுடர்."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உட்காருங்க அண்ணி. உங்களுக்காகத்தான்..."

"பரவாயில்லம்மா."

காபி குடித்து முடிக்கும்வரை, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார்.