சுழற்கோப்பை

எங்கள் கேரம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன ஆண்டு வென்றவர்தான் கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்து, இந்த ஆண்டு வென்றவரிடம் கொடுக்க வேண்டும். போன ஆண்டு வென்றது நான். இந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஜெசிந்தாவிடம் தோற்ற பிறகு, வீட்டில் கோப்பை இருந்த பக்கம் நான் தலை நிமிர்த்தவே இல்லை. பரிசளிப்பு நாளன்று அவளே துணிப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஜன்னலுக்கு மேலிருந்த பலகையை ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். கோப்பைக்குள் வைக்கோல், பஞ்சு, நடுவில் ஒரு குருவி. என்னைப் பார்த்தும் அது அசையவில்லை.

“முட்ட வெச்சிருக்குடி. எடுத்தா திரும்ப வராது.”

ஜெசிந்தாவும் ஏறிப் பார்த்தாள். “தோத்துட்டு அழுதுனு இருப்பன்னு வந்தா, நீ இங்க பிரசவம் பாத்துனு கீற.”

பல நாளுக்குப் பிறகு சிரித்தேன். “சாயங்காலம் மேடையில இன்னாத்த தூக்கிக் காட்டுவ?”

“அத வுடு. மொதல்ல ஃபேன நிறுத்து.”

மாலையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா வெறுங்கைகளைக் குவித்து, உள்ளே இருப்பது கலைந்துவிடாதபடி மெதுவாக மேலே தூக்கினாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் முதலில் எழுந்தேன். தட்டினால் பறந்துவிடுமோ என்று என் கைகள் பாதியில் நின்றன.