எடிட்டர் எழுதக் கூடாது

“யார் மேடம் எழுதினது இதை? சூரியன் தன் தங்கக் கைகளை நீட்டுச்சாம். உதிச்சா உதிச்சதுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

ஆல்டன் விட்லாக் நீலப் பென்சிலால் அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தார். நியூயார்க்கில் ஒரு பெரிய சரித்திரப் பத்திரிகைக்குப் பல வருடம் எடிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஒஹையோவுக்கு வந்த பிறகும் அந்தப் பென்சில் மட்டும் ஓய்வு பெறவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஹாரியட் அடிபட்ட பக்கத்தை வாங்கி டைப்ரைட்டர் அருகில் வைத்தார்.

“மிச்சம் எப்படி இருக்கு, மிஸ்டர் விட்லாக்?”

“பரவாயில்ல. ஆத்துக்கு இந்தக் கரையில வடக்கு ஆளுங்க, அந்தக் கரையில தெற்கு ஆளுங்க. காலைல சுட்டுக்கிறாங்க. சாயங்காலம் பொம்மைப் படகுல காப்பிக்கொட்டையை அனுப்பி, புகையிலை வாங்கிக்கிறாங்க. இந்த இடத்துல பையன் ஜெயிச்சுட்டான். உள்நாட்டுப் போரைப் பத்தி எழுதுறவன் எல்லாம் ஜெனரலோட மீசையைப் பிடிச்சுத் தொங்குவான். இவன் சிப்பாய் பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கான்.”

ஹாரியட்டின் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

சமையலறையில் பதிப்பகத்து ப்ரூயிட் காத்திருந்தார். கடைசி அத்தியாயம் இன்று கைக்கு வராவிட்டால் புத்தகத்தையே கைவிடுவது என்று நியூயார்க்கில் முடிவு செய்தாகிவிட்டது. அதை நேரில் சொல்லத்தான் வந்திருந்தார்.

“சரி, முடிவு எங்கே?” என்றார் விட்லாக், பக்கங்களைப் புரட்டி.

“இல்லை. எழுதினவருக்கு உடம்பு சரியில்ல. போர் முடிஞ்சு, பையன்களைக் கூட்டிட்டு வர்ற ரயில் ஊருக்குள்ள நுழையுது. அதோட நின்னுபோச்சு. நீங்க முடிச்சுக் கொடுத்தா...”

விட்லாக் பென்சிலைக் கீழே வைத்தார்.

“மேடம், எடிட்டர் வெட்டுவான், ஒட்டுவான், திட்டுவான். எழுத மாட்டான். இன்னொருத்தன் தட்டுல கை வைக்கிற வேலை அது. குணமாகி வந்து அவனே எழுதட்டும்.”

“குணமாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

விட்லாக் ஜன்னல் பக்கம் திரும்பினார். “பாவம். நல்லா எழுதுற பையன்,” என்றார். பென்சிலை மட்டும் தொடவில்லை.

ஹாரியட் ஒரு தாளை உருவினார். “நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். இதையே கொடுத்துடலாம்னு இருக்கேன். கேளுங்களேன். ‘ரயில் நின்றது. பேண்டு வாத்தியம் முழங்கியது. கொடிகள் வெற்றிப் பெருமிதத்தில் படபடத்தன. மேயர் கண்ணீர் மல்க...’”

“நிறுத்துங்க.”

“மேயர் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே.”

“அவர் பேசினா நான் எழுந்து வெளியே போயிடுவேன். தப்பா நினைக்காதீங்க மேடம், உங்களுக்குச் சமையல் வருமா?”

“சுமாரா வரும்.”

“அதைப் பாருங்க.”

தாளைப் பிடுங்கி மூலைக்கு மூலை கோடு இழுத்தார். “யாருக்கு வேணும் பேண்டு? போனதுல பாதிப் பேர் திரும்பல. எங்க ஊர் முடிதிருத்துற கடையில அந்தச் சண்டைக்குப் போன கிழவர்கள் உட்கார்ந்து பேசுவாங்க. சின்ன வயசுல கேட்டிருக்கேன். ஒருத்தர்கூட மேயரைப் பத்திப் பேசினதில்ல. மெத்தையைப் பத்திப் பேசுவாங்க.”

“மெத்தையா?”

“டைப் பண்ணுங்க.”

ஹாரியட்டின் விரல்கள் ஏற்கெனவே டைப்ரைட்டர் மேல் இருந்தன. விட்லாக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“அன்று இரவு யாருக்கும் மெத்தையில் தூக்கம் வரவில்லை. நாலு வருடம் தரையில் கிடந்த உடம்பு. வீட்டுக்கு வீடு பையன்கள் எழுந்து போய்த் தோட்டத்துப் புல்லில் படுத்தார்கள். அம்மாக்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்வை எடுத்து வந்து போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பையன் திரும்பி வராத அம்மாக்களும் போர்வையோடு தெருவில் நடந்தார்கள். எங்காவது ஒருவன் போர்வை இல்லாமல் படுத்திருப்பான் அல்லவா...”

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. கொண்டு வந்து வைத்த சூப் ஆறி ஏடு கட்டியது. அத்தியாயம் முடிந்தபோது அவர் குரல் கரகரத்திருந்தது, கண் பளபளத்தது.

“நான் எழுதினேன்னு எங்கேயும் போட்டுடாதீங்க. சின்னத் திருத்தம்னு சொல்லிக் கொடுங்க. அந்தப் பையனுக்குச் சந்தோஷமா இருக்கும், இல்ல?”

“ரொம்ப,” என்றார் ஹாரியட்.

சமையலறையில் ப்ரூயிட் உட்காரக்கூட மறந்து, நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வசந்தத்துல கடைக்கு வந்துடும் மேடம், என் பொறுப்பு. ஆனா ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதாத மனுஷனை எப்படி எழுத வச்சீங்க?”

ஹாரியட் பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் காலியாக விட்டு வைத்திருந்த இடத்தில் தன் கணவரின் பெயரை எழுதினார்: ஆல்டன் விட்லாக்.

“எல்லாம் மறந்துபோனது எழுத்தாளருக்குத்தான், மிஸ்டர் ப்ரூயிட். கட்டின பெண்டாட்டியைக்கூட அவருக்குத் தெரியல. ஆனா எடிட்டர் தினமும் காலைல டாண்ணு வேலைக்கு வந்துடுறார்.”