இருவருக்கு மட்டும்

பணம் சேர்க்க வேண்டுமென்று கதிரவன் வீட்டுச் செலவு முதல் வாசல் கதவு வரை எல்லாவற்றையும் ஒரு பேசும் சேமிப்பு இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தான். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் யாழினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள், கதவு திறக்கவில்லை.

“இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் செலவு ஒதுக்கியிருக்கிறது,” என்றது கதவு.

“அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மாமியார் வீட்டுலயே பெத்துக்கட்டும்,” என்றான் கதிரவன், சோபாவில் சாய்ந்தபடி.

“கோடி கோடியாச் சேத்து யாருக்குங்க வைக்கப்போறீங்க?” என்றாள் மனைவி இசைவாணி. அதற்கு மேல் அவனோடு மல்லுக்கட்டாமல் கதவிடம் திரும்பினாள். “ஒரு ஆளு வெளிய போறதா இருந்தா?”

“தாராளமாகத் திறப்பேன்.”

“அப்பத் திற.”

திறந்ததும் மகளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்தாள்.

“மூன்று பேர் இருக்கிறீர்கள். ஒருவர் போகும்வரை மூட மாட்டேன்,” என்றது கதவு.

இசைவாணி கணவனின் செருப்பை எடுத்து வெளியே வைத்தாள்.

“கெளம்புங்க. உங்க சோத்துச் செலவாவது மிச்சமாகட்டும்.”