நாலாவது பிள்ளையின் கோளாறு

முதுகில் குழந்தை லிம்பானி, தலையில் சமையல் சட்டி, கையில் சோளமாவுப் பை என்று பல நாள் தங்கும் ஏற்பாட்டோடு எஸ்நாத் ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தாள்.

"சிஸ்டர், லிம்பானிக்கு ஒரு கட்டில் குடுங்க!"

நர்ஸ் ஜியோனே பதறி எழுந்து குழந்தையை வாங்கினாள். "இந்தப் பாழாப்போன குளிர் வந்தாலே பிள்ளைங்களுக்குப் பேதிதான். வாந்தி இருக்கா?"

"இல்ல சிஸ்டர். மூத்ததுங்க மூணும் பல்லு முளைக்கறப்ப இங்கதான் கெடந்துச்சுங்க. நீங்க ட்ரிப்ஸ் ஏத்தித்தான் பொழைச்சுதுங்க."

"மறப்பேனா? நடுப்பிள்ளைக்கு நரம்பே கெடைக்கலியே!" உப்புசர்க்கரைக் கரைசலைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "காலையிலேர்ந்து எத்தனை தடவை போனான்?"

எஸ்நாத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரே தடவை. அதுவும் கெட்டியா."

கரண்டி நின்றது. "நேத்து?"

"நேத்தும் அப்படியேதான்! ரெண்டு பல்லு வந்தாச்சு, இன்னும் பேதி வரல. உள்ள என்னமோ அடைச்சிருக்குன்னு ஊரே சொல்லுது."

ஜியோனே குழந்தையைப் பார்த்தாள். அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

"அடி பைத்தியமே! பேதி பல்லால வர்றதில்ல, கிருமியால வர்றது. அந்தக் கிருமியைத் தடுக்கத்தான் இவன் வாயில சொட்டு மருந்து விட்டோம். மூத்ததுங்க காலத்துல அது ஏது?"

எஸ்நாத் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். முன்பெல்லாம் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்த வார்டில், வரிசையாக வெறும் மெத்தைகள்.

"மத்த பிள்ளைங்கல்லாம் எங்க சிஸ்டர்?"

"அதுங்களுக்கும் இதே கோளாறுதான். வீட்டுல குதிச்சு விளையாடிட்டிருக்குதுங்க!"